ஆஃபர் லெட்டருக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவில்

பெண்கள் கலை அறிவியல் கல்லூரிகளின் வாசலில் மார்ச், ஏப்ரல் வாக்கில் ஒரு ஃப்ளெக்ஸ் ஏறும். வேலை கிடைத்த மாணவிகளின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள், கீழே கம்பெனிப் பெயர், வருடச் சம்பளம். அந்த முகங்களில் எத்தனை பேர் ஜூலையில் வேலையில் சேர்ந்தார்கள், அடுத்த ஏப்ரலிலும் எத்தனை பேர் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்ற கணக்கை அநேகமாக யாரும் வைப்பதில்லை. மாணவிகளுக்கு வேலை ஏற்பாடு செய்யக் கல்லூரி வைத்திருக்கும் பிளேஸ்மென்ட் ஆபீசரின் உண்மையான வேலை இந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது. ரெஸ்யூம் எழுதக் கற்றுத் தருவதும் மாதிரி இன்டர்வியூ நடத்துவதும் வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர்கள்கூடச் செய்துவிடுவார்கள். ஆஃபர் வந்த பெண் வேலையில் போய் உட்கார்வதற்கு நடுவில் இருக்கும் முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுப்பதுதான் கல்லூரிக்குள் இருக்கும் ஆளால் மட்டுமே ஆகிற காரியம்.

இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வருபவர் முதலில் ஒரு ரிஜிஸ்டர் போட வேண்டும். கம்ப்யூட்டரில் எக்செல் இருந்தாலும் பரவாயில்லை, மேஜைமேல் ஒரு நோட்டும் இருக்கட்டும். பெயர், ஆஃபர் வந்த தேதி, சேர வேண்டிய தேதி, சேர்ந்தாரா, 30ஆம் நாள், 90ஆம் நாள், ஒரு வருடம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் 'காரணம்'. அதில் 'சொந்தக் காரணம்' என்று மட்டும் எழுதவே கூடாது. அந்தப் பெண் வாயால் சொன்னதை அப்படியே எழுதுங்கள்: 'ஹாஸ்டல் கிடைக்கல', 'அண்ணன் வேண்டாம்னுட்டான்', 'ஆதார்ல பேரு வேற', 'முதல் மாசத்துக்குப் பணம் இல்ல'. இரண்டு வருடம் இப்படி எழுதினால், அடுத்த பேட்சுக்கு எந்த மாதத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும். பெரும்பாலான காரணங்கள் ஐந்தாவது செமஸ்டரிலேயே தீர்த்து வைத்திருக்கக் கூடியவை.

அதில் முதலாவது போன் நம்பர். மாணவிகளிடம் வாங்கும் விவரப் படிவத்தில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். அது யாருடைய கையில் இருக்கும் போன் என்று கேளுங்கள். பல சமயம் அப்பாவுடையது, இல்லையென்றால் அண்ணனுடையது. ஹெச்.ஆர். கூப்பிடும்போது அண்ணன் எடுத்து, 'யாருங்க நீங்க, எதுக்குப் பேசணும்?' என்பார். எதிர்முனையில் இருப்பவர் அன்று இன்னும் நாற்பது பேரைக் கூப்பிட வேண்டியவர். அடுத்த பெயருக்குப் போய்விடுவார். இது ஒரு பெண்ணின் வாழ்க்கையில் கதவு மூடிய சத்தம், ஆனால் அது அவள் காதில் விழுவதே இல்லை. ஆகவே ஐந்தாவது செமஸ்டர் தொடங்கும் ஜூன், ஜூலையிலேயே ஒவ்வொருவருக்கும் தன் பெயரில் ஒரு சிம், தன் பெயரில் ஒரு மின்னஞ்சல், அதன் பாஸ்வேர்டு அவளுக்கு மட்டும் தெரியும்படி இருக்க வேண்டும். வீட்டில் தனி போனுக்கு ஒப்பவில்லை என்றால், கூப்பிடப் போகும் கம்பெனியின் பெயரையும் உத்தேசத் தேதியையும் கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதமாக வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள். அண்ணன் அந்தக் கடிதத்தைப் பார்த்திருந்தால் போனை நீட்டுவார். படிவத்தில் இரண்டாவது எண்ணாகக் கல்லூரி அலுவலக எண்ணைக் கொடுப்பது கூடுதல் காப்பு.

இரண்டாவது, பெயர். இன்ஷியல் என்ற நம் வழக்கத்தை வெளி உலகத்தின் கம்ப்யூட்டர்கள் புரிந்துகொள்வதே இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'கவிதா மு' என்று இருக்கும். ஆதாரில் 'கவிதா முருகேசன்'. வங்கிப் புத்தகத்தில் 'மு. கவிதா'. பான் கார்டில் கடைசிப் பெயருக்கு வெறும் இன்ஷியலை ஏற்க மாட்டார்கள் என்பதால் அப்பாவின் முழுப்பெயர் ஏறியிருக்கும். கம்பெனியின் ஆன்லைன் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டத்தைக் காலியாக விட முடியாது, ஒருத்தி 'மு' என்று போடுவாள், இன்னொருத்தி முழுப்பெயர் போடுவாள். பின்னணிச் சரிபார்ப்பில் இது சிக்கும், பி.எஃப். கணக்கில் சிக்கும், வேலையை விட்டுப் பணம் எடுக்கப் போகும்போது மறுபடியும் சிக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். நான்கு ஆவணங்களையும் ஒரே நாளில் கொண்டுவரச் சொல்லி மேஜைமேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து, எழுத்துக்கு எழுத்து ஆங்கில ஸ்பெல்லிங் ஒன்றா என்று சரிபாருங்கள். மாற்ற வேண்டியது ஆதார் என்றால் அதை முதலில் மாற்றுங்கள், பிறகு பான், பிறகு வங்கி. இந்த வரிசையை மாற்றினால் இரண்டு தடவை அலைய வேண்டும். பிறந்த தேதி மாறியிருந்தால் அதற்கு இன்னும் நாளாகும், எனவே முதலில் அவர்களைப் பிரித்து எடுத்துவிடுங்கள். அறுபது பேர் வகுப்புக்கு இந்தச் சோதனை ஒரு முழு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாளை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வங்கிக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு உயர்கல்விக்கு வந்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது அவள் பெயரில் உள்ள கணக்கில்தான் விழும். பல பெண்களுக்குத் தன் பெயரில் அமைந்த முதல் கணக்கு அதுதான். ஏ.டி.எம். கார்டு யார் பர்ஸில் இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டுவையுங்கள். சம்பளமும் அதே வழியில்தான் போகும்.

அரசு வேலைக்குப் படிக்கிறவர்களுக்கு ஆவணச் சிக்கல் வேறு வகை. பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மாநிலத் தேர்வுக்குப் போதும். வங்கி, ரயில்வே, எஸ்.எஸ்.சி. போன்ற மத்தியத் தேர்வுகளுக்கு மத்திய அரசுப் படிவத்தில் தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். 'கிரீமி லேயரில் (ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில்) இல்லை' என்பதும் அதில் இருக்க வேண்டும், தேதியும் அறிவிப்பு கேட்கும் காலத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வில் வென்று, சான்றிதழ் சரிபார்ப்பில் மாநிலப் படிவத்தை நீட்டி இடத்தை இழப்பதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை. அதேபோல் மாநில அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீடு. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பதவிக்குக் கேட்கும் கல்வித் தகுதிவரை முதலாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஆரம்பப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, கல்லூரி என்று ஒவ்வொரு இடத்திலும் தனித்தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆரம்பப் பள்ளி இருக்கும் ஊரிலேயே பெண் இருக்கும்போது வாங்குவது அரை நாள் வேலை. கல்யாணமாகி வேறு மாவட்டம் போன பிறகு வாங்குவது பெரும்பாடு. இறுதியாண்டில், பள்ளிகள் திறந்திருக்கும் ஒரு நாளில் எல்லாரையும் தங்கள் பழைய பள்ளிகளுக்கு அனுப்பிவிடுங்கள்.

எஸ்.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. தேர்வுகளுக்குப் பெண்களிடம் விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை. இது தெரியாமல் 'காசு கட்டணும் மேடம்' என்று விண்ணப்பிக்காமல் விடும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

இனி கம்பெனி. வளாகத் தேர்வுக்கு வரும் ஒவ்வொரு நிறுவனத்திடமும், ஹால் ஒதுக்குவதற்கு முன்பே ஒரு பக்கக் கேள்வித்தாளை நிரப்பி வாங்க வேண்டும். கையில் வரும் மாதச் சம்பளம் எவ்வளவு, அதில் வேரியபிள் (வேலையைப் பார்த்துக் கூடக் குறையத் தரும் பகுதி) எவ்வளவு, எந்த ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் என்றால் வண்டி வீட்டு வாசல்வரையா மெயின் ரோடுவரையா, வண்டியில் காவலர் உண்டா, பயிற்சி எந்த ஊரில், அப்போது தங்குமிடம் யார் செலவு, பாண்டு (இத்தனை காலம் வேலையை விடக் கூடாது என்ற ஒப்பந்தம்) உண்டா, அசல் சான்றிதழ் கேட்பார்களா, பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழுவின் தலைவர் யார். கடைசிக் கேள்விக்குப் பெயர் சொல்லத் தெரியாத ஹெச்.ஆர். வந்தால் அதுவே ஒரு பதில். பத்து அல்லது அதற்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பயிற்சியாளரும் அப்ரென்டிஸும் அந்தச் சட்டத்துக்குள் வருவார்கள், கம்பெனி அனுப்பும் வண்டியும் பணியிடம்தான். இந்த இரண்டையும் மாணவிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொல்லை பெரும்பாலும் இன்டர்ன்ஷிப்பிலும் கம்பெனி வண்டியிலும்தான் தொடங்குகிறது. புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

பதிவுக் கட்டணம், டெபாசிட், 'ட்ரெயினிங் ஃபீஸ்' என்று எந்தப் பெயரில் மாணவியிடம் பணம் கேட்டாலும் அந்தக் கம்பெனியை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பவர்களையும்தான். சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவது வேறு, லாக்கரில் வைத்துக்கொள்வது வேறு.

சம்பளக் கணக்கைக் கரும்பலகையில் போட்டே காட்ட வேண்டும். ஃப்ளெக்ஸில் 2.4 லட்சம் என்று இருந்தால் வீட்டில் மாதம் 20,000 வரும் என்று நினைக்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 1,200. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம், 481. கம்பெனி கட்டும் இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) மொத்தச் சம்பளத்தில் 3.25 சதவீதம், 577. இந்த மூன்றும் 20,000க்குள்ளேயே அடங்கியவை. ஆக மொத்தச் சம்பளம் 17,742. அதிலிருந்து பெண்ணின் பங்கு பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 134. கையில் 16,408. தொழில் வரியும், வேரியபிள் என்று ஒதுக்கியதும், வண்டி, கேன்டீன் பிடித்தமும் இருந்தால் இன்னும் குறையும். இந்தக் கணக்கு முன்கூட்டியே தெரிந்த பெண் முதல் மாதம் ஏமாந்து நிற்க மாட்டாள். அதைவிட முக்கியம், வீட்டில் 'இருபதுன்னு சொன்னியே, மீதி எங்க?' என்ற கேள்வி வரும்போது பதில் சொல்லத் தெரியும். பி.எஃப். அவளுடைய சேமிப்பு என்பதையும், மாதம் 21,000வரை சம்பளம் வாங்குவோருக்கான இ.எஸ்.ஐ. குடும்பத்துக்கும் மருத்துவம் தரும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். பெற்றோர் மனம் இளகும் இடங்களில் அதுவும் ஒன்று.

பெற்றோர் கூட்டம் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஃபர் வந்த பிறகு கூட்டினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். ஐந்தாவது செமஸ்டரில், வேலை என்ற பேச்சு வெறும் பேச்சாக இருக்கும்போதே கூட்ட வேண்டும். வேலை நாள் காலையில் வைத்தால் கூலி வேலைக்குப் போகும் அப்பா வர மாட்டார், வந்தாலும் ஒரு நாள் கூலியை இழந்த எரிச்சலோடு உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி நல்ல நேரம். அம்மாவும் வர வேண்டும் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அப்பா மாதிரித் தெரியும். ராத்திரி அடுப்படியில் பேசி முடிவெடுக்க வைப்பது அம்மா.

மேடையில் பெண் விடுதலை பேசக் கூடாது. அது சரியான பேச்சுதான், ஆனால் அந்த ஹாலில் அது தங்களைக் குற்றம் சொல்வதாகக் காதில் விழும். அப்பா எழுந்து, 'பொம்பளப் புள்ளைய மெட்ராஸுக்குத் தனியா எப்படிம்மா அனுப்புறது?' என்று கேட்பார். அது பிற்போக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு தகவல் கேள்வி, அதற்குத் தகவலால் பதில் சொல்லுங்கள். 'ஐயா, தனியா இல்ல. இந்த பேட்ச்ல ஆறு பேர் ஒரே ஹாஸ்டல்ல தங்குறாங்க. வார்டன் அம்மா நம்பர் இது. இங்கயே கூப்பிட்டுப் பேசுங்க.' ஹாலிலேயே ஸ்பீக்கரில் போட்டு வார்டனைப் பேசவைத்தால் அரை மணி நேரச் சொற்பொழிவு மிச்சம். ஹாஸ்டலிலிருந்து ஆபீஸுக்கு எந்த நம்பர் பஸ், எத்தனை ஸ்டாப், கடைசி பஸ் எத்தனை மணி, வாயில் எத்தனை மணிக்கு மூடும், சாப்பாடு என்ன என்று ஒரு தாளில் அடித்துக் கொடுங்கள். அதே வட்டாரத்திலிருந்து போய் இரண்டு வருடமாக வேலையில் இருக்கும் பழைய மாணவியும் அவள் அம்மாவும் வந்து பேசினால் மற்றதெல்லாம் எளிது. மகளைவிட அந்த அம்மாவின் பேச்சுக்கு எடை அதிகம்.

ஹாஸ்டல் என்றால் கண்ணால் பார்க்காத இடத்தைச் சொல்லவே கூடாது. தமிழ்நாட்டில் தனியார் பெண்கள் விடுதிகள் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் கூடுவாஞ்சேரி, அடையாறு, தஞ்சாவூர் போன்ற இடங்களில் இருக்கின்றன. இடம் நிரம்பிவிடும் என்பதால் சேரும் தேதி தெரிந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும். உள்ளூர் வேலைக்குப் போகிறவர்களுக்கு 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் இருப்பது பெரிய வரம். ஆனால் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு அந்தத் தடத்தில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்த பிறகே அதை நம்பிக் கணக்குப் போட வேண்டும்.

'கல்யாணம் பார்த்துக்கிட்டு இருக்கோம்' என்ற பதிலுக்கு நேராக எதிர்வாதம் செய்யாமல், கால அளவு கேளுங்கள். 'ஒரு வருஷம் போகட்டும்மா. வரன் பார்க்குறது பாருங்க. வேலையில இருக்குற பொண்ணுன்னு சொல்லியே பாருங்க.' ஒரு வருடம் சம்பளம் வீட்டுக்கு வந்த பிறகு, பேச்சின் தொனியே மாறும்.

இப்படித் தங்குமிடத்தையும் துணையையும் வைத்தே வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது ஒன்றும் புதிதல்ல. கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்த அ. லலிதா, நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். 1940இல் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய பட்டத்தில் அச்சாகியிருந்த 'அவன்' என்ற சொல்லை அடித்து 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்கள். படிப்பு முடிந்ததும் சிம்லாவில் வேலை ஏற்றதற்குக் காரணம், அங்கே சகோதரர் குடும்பத்தோடு தங்கி மகளை வளர்க்க முடியும் என்பது. பிறகு கல்கத்தா, அங்கும் ஒரு சகோதரர் இருந்தார். அங்கிருந்துதான் பக்ரா நங்கல் அணையின் மின்கடத்து வேலைகளில் பங்கெடுத்தார். 'குழந்தையை யார் பார்ப்பார்கள், எங்கே தங்குவாய்' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததால் ஒரு பொறியாளர் கிடைத்தார். ஆலோசனைக்கு வரும் பெண்ணிடம், என்ன பிடிக்கும் என்று கேட்பதோடு எந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ரெஸ்யூமில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் போதும். அப்பா பெயர், மதம், திருமண நிலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இன்டர்வியூவில் 'கல்யாணம் எப்போ?' என்று கேட்டால் தடுமாறாமல் சொல்ல ஒரே பதிலைப் பழக்கிவையுங்கள்: 'தொடர்ந்து வேலை செய்யணும்னுதான் வந்திருக்கேன் சார். வேலை சம்பந்தமா என்ன வேணும்னாலும் கேளுங்க.' மாணவி வெளியே வந்து இப்படிக் கேட்டார்கள் என்று சொன்னால், அன்று மாலையே அந்த ஹெச்.ஆருக்குக் கல்லூரி சார்பில் மின்னஞ்சல் போக வேண்டும்.

சேர்ந்த பிறகு முதல் 45 நாள்தான் கண்டம். மாதம் 20ஆம் தேதி சேர்ந்தால், சம்பளக் கணக்கு முடிந்துவிட்டது என்று அடுத்த மாதக் கடைசியில் சேர்த்துத் தருகிற இடங்கள் உண்டு. அதுவரை ஹாஸ்டல் அட்வான்ஸ், வாடகை, பஸ், படுக்கை, பக்கெட் என்று சென்னையில் 15,000 ரூபாயாவது கையில் வேண்டும். இதற்காகக் கடன் வாங்க வெட்கப்பட்டு, சாப்பாட்டைக் குறைத்து, உடம்பு முடியாமல் ஊர் திரும்புகிறார்கள். வீட்டில் 'அவளுக்கு ஒத்துக்கல' என்று முடித்துவிடுவார்கள். பழைய மாணவிகளிடம் ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று திரட்டி ஒரு சுழல்நிதி வையுங்கள். வட்டி இல்லை, மூன்றாம் சம்பளத்திலிருந்து ஐந்து தவணை. வாங்கிய பெண் கட்டி முடித்ததும் அடுத்த பேட்சுக்கு அவளே ஒரு பங்கு போடுவாள். ஏழாம் நாள் ஒரு போன், முப்பதாம் நாள் ஒரு போன். 'எப்படி இருக்க?' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன் மேடம்' என்றுதான் வரும். 'நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட? ஆபீஸ்ல யார் கூட உட்காருற?' என்று கேளுங்கள்.

நான்கைந்து வருடம் கழித்து, இடுப்பில் குழந்தையோடு ஒரு பழைய மாணவி வருவாள். மறுபடி வேலைக்குப் போக வேண்டும் என்பாள். கல்யாணத்துக்குப் பின் ஆதாரில் இன்ஷியல் கணவர் பெயருக்கு மாறியிருக்கும், பட்டச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கும். திருமணப் பதிவுச் சான்றிதழின் நகலும், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்ற நோட்டரி அஃபிடவிட்டும் தயார் செய்யச் சொல்லுங்கள். பழைய பி.எஃப். எண் இருந்தால் புதிதாகத் திறக்க வேண்டாம், அதையே தொடரலாம். இடைவெளியை மறைக்காமல் ரெஸ்யூமில் ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பழைய நோட்டை எடுத்து அவள் பெயர் இருக்கும் பக்கத்தைத் திறந்து, புதிய போன் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். அது அவள் கையில் இருக்கும் போன்தானா என்று கேட்டுவிட்டு.